புது வண்டியில் ஒரு புள்ளி

அமெரிக்காவில் அலபாமா என்று ஒரு மாநிலம். அங்கே பர்மிங்ஹாம் நகரில் இருந்த ஒரு டாக்டர், 1990-ஆம் ஆண்டில் புதிதாக பி.எம்.டபிள்யூ. கார் வாங்கினார். விலை சுமார் 40 ஆயிரத்து 750 டாலர்.

கார் பளபளவென்று இருந்தது. டாக்டரின் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஒன்பது மாதம் ஓட்டினார். பிறகு, இன்னும் கொஞ்சம் மெருகு ஏற்றலாம் என்று ஒரு கடைக்குக் கொண்டு போனார். கடைக்காரர் கண்டுபிடித்து விட்டார். அந்தப் புதுக் காருக்கு மறுபடியும் பெயிண்ட் அடித்திருந்தார்கள்!

விஷயம் கோர்ட்டுக்குப் போனது. ஜெர்மனியில் இருந்து வரும் வழியில், அமில மழை பட்டுப் பெயிண்ட் கெட்டிருக்க வேண்டும் என்று தெரிய வந்தது. கம்பெனி அதைச் சரி செய்து, ஒன்றும் சொல்லாமல் விற்று விட்டது. சரி செய்த செலவு சுமார் 601 டாலர். அதாவது, விலையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. நூற்றுக்கு மூன்று பங்குக்குள் செலவு அடங்கினால், வாங்குகிறவரிடம் சொல்வதில்லை என்பது அந்தக் கம்பெனியின் வழக்கம்.

ஜூரிகள் 4 ஆயிரம் டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். அதோடு, தண்டமாக 40 லட்சம் டாலர்! மேல் கோர்ட்டு அதை 20 லட்சமாகக் குறைத்தது. 1996-இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, அதுவும் அளவுக்கு மிஞ்சியது என்று தீர்ப்புச் சொன்னது. தண்டம் 50 ஆயிரம் டாலர் போதும் என்று 1997-இல் மாநிலக் கோர்ட்டு கூறியது.

இதில் இரண்டு பக்கத்தாருக்கும் பாடம் இருக்கிறது. குறையை மறைத்து விற்பது தவறு. அதே சமயம், சின்னக் குறைக்கு மலை போன்ற பரிகாரம் கேட்டால் அது நிற்காது.

சந்தனத்துக்கு முன்னால்

நம் ஊரில் வண்டி வாங்குவது ஒரு குடும்ப விழா. மாலை, சந்தனம், குங்குமம், சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம், எல்லாம் தயாராக இருக்கும். நல்ல நேரம் தவறக் கூடாது என்ற அவசரம் வேறு. வண்டியைச் சுற்றி வந்து பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. மறுநாள் துடைக்கும்போதுதான் கீறல் தெரிகிறது. "நேற்றே இருந்தது" என்கிறார் வாங்கியவர். "நீங்கள் கொண்டுபோன பிறகு வந்தது" என்கிறார் விற்றவர். எது உண்மை என்று யார் சொல்வது?

ஆகவே, முழுப் பணமும் கட்டி வண்டியைப் பதிவு செய்வதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கழுவித் துடைத்த பிறகு, சாய்வாகப் பார்க்க வேண்டும். கதவின் நிறமும் பக்கத்துத் தகட்டின் நிறமும் ஒன்றாக இருக்கின்றனவா? பெயிண்ட் வழிந்திருக்கிறதா? ரப்பர் ஓரத்தில் பெயிண்ட் ஒட்டியிருக்கிறதா? ரப்பரில் பெயிண்ட் இருந்தால், மறுபடி அடித்திருப்பார்களோ என்று சந்தேகிக்கலாம்.

நகமே போதும்

காரின் பெயிண்ட் ஒரே பூச்சு அல்ல. அடியில் துரு பிடிக்காமல் காக்கும் பூச்சு. அதன் மேல் நிறம். அதற்கும் மேலே கண்ணாடி போன்ற தெளிந்த பூச்சு. எல்லாம் சேர்ந்தே சுமார் பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான்.

கீறலின் மேல் நகத்தை மெல்ல ஓட்டிப் பார்க்கலாம். நகம் தடுக்காவிட்டால், பெரும்பாலும் பாலீஷ் போட்டாலே மறைந்துவிடும். பெயிண்டில் சிக்கிய தூசிப் புள்ளியையும் தேர்ந்த ஆள் தேய்த்துச் சரி செய்து விடுவார். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் தாமதிக்கக் கூடாது. துரு பெயிண்டுக்கு அடியிலேயே ஊர்ந்து பரவும். கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம் பரவும்.

சிறு புள்ளிக்காகக் கதவு முழுவதும் மறுபெயிண்ட் அடிக்கச் சொல்வது புத்திசாலித்தனம் அல்ல. தொழிற்சாலையில் வெறும் கூடாக இருக்கும்போதே, அடிப் பூச்சை 150 டிகிரிக்கு மேல் சூட்டில் வாட்டி எடுக்கிறார்கள். முழு வண்டியில் பிளாஸ்டிக்கும் ஒயரும் இருப்பதால், ஒர்க்‌ஷாப்பில் சுமார் 60 டிகிரிதான் கொடுக்க முடியும். பழைய பூச்சை அப்படியே திரும்பப் பெற முடியாது.

எழுதி வாங்க வேண்டும்

குறை கண்டால் சண்டை வேண்டாம். போட்டோ எடுத்து, டெலிவரி தாளிலேயே குறையை எழுத வேண்டும். எந்தத் தேதிக்குள், எப்படிச் சரி செய்வார்கள் என்று கையெழுத்து வாங்க வேண்டும். வாய்ப்பேச்சு மறந்து போகும், காகிதம் மறக்காது.

அதற்கும் மசியாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே செய்யலாம். வண்டிக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணமே இல்லை.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வழியில் கீறல் விழுந்தால் அதைச் சொல்லி, சரி செய்த விதத்தையும் சொல்லி விற்கலாம். சொல்லிக் கொடுத்தால் வாங்குகிறவர் விலையில் கொஞ்சம் குறைக்கச் சொல்வார், அவ்வளவுதான். சொல்லாமல் கொடுத்து அவராகவே கண்டுபிடித்தால், அவரும் வரமாட்டார். அவருடைய உறவினரும் அந்தக் கடைப் பக்கம் வரமாட்டார்கள்.