மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்



ஐந்து நாளுக்கு எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக்கை மூன்றாம் நாளே நிறுத்தாத வீடு நம் ஊரில் உண்டா? காய்ச்சல் விட்டுவிட்டது, வாய் கசக்கிறது, இனி எதற்கு என்று மிச்சத்தை ஃப்ரிட்ஜ் மேல் போட்டுவிடுவோம். இதே பழக்கத்தைப் புற்றுநோய் மாத்திரையிடமும் காட்டினால் என்ன ஆகும்? இந்த மாதம் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

சி.எம்.எல். என்று ஒரு ரத்தப் புற்றுநோய். வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும். பலருக்கு, வேறு எதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் தெரியவரும். ஒரு காலத்தில் இது வந்தால் சில வருடங்கள்தான் என்று இருந்தது. இன்று தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறவர்கள், பேரப்பிள்ளைகளை ஸ்கூலில் விட்டுவருகிறவர்கள் எத்தனையோ பேர். எப்படி வந்தது இந்த மாற்றம்?

1960-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர், இந்த நோயாளிகளின் செல்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதைப் பார்த்தார்கள். 1973-ல் சிகாகோவைச் சேர்ந்த ஜேனட் ரௌலி காரணத்தைக் கண்டுபிடித்தார். 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் துண்டுகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தன. குரோமோசோம் படங்களைக் கத்தரித்து வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துப் பார்ப்பாராம் அவர். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறார் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம்!

சரி, துண்டுகள் இடம் மாறினால் புற்றுநோய் ஏன் வர வேண்டும்?

இதற்கு ஒரு செல்லின் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. பள்ளிக்கூடத்தில் நாம் வரைந்த செல் அவ்வளவுதான். உண்மையில் அதற்குள் புரத இழைகளால் ஆன ஒரு சட்டகம் இருக்கிறது. கல்யாணப் பந்தல் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வேண்டிய இடத்தில் கட்டுவார்கள், வேலை முடிந்ததும் பிரித்து அதே கழிகளை வேறு இடத்தில் நடுவார்கள். செல்லுக்குள் அந்த வேலையைச் செய்யும் புரதங்களில் முக்கியமானது ஆக்டின். செல் ஓரிடத்தில் ஒட்டி நிற்கவும், அங்கிருந்து நகரவும், இரண்டாகப் பிரியவும் ஆக்டின் இழைகள் வேண்டும்.

எப்போது கட்டுவது, எப்போது பிரிப்பது என்று சொல்வது யார்? சமிக்ஞை என்ஸைம்கள். ஏபிஎல் என்பது அவற்றில் ஒன்று. மற்ற புரதங்களின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும், அதுதான் அது தரும் உத்தரவு. வேலை இல்லாத நேரத்தில் தன்னைத்தானே மடக்கிக்கொண்டு அடங்கிக் கிடக்கும். அதன் கடைசிப் பகுதி ஆக்டின் இழையைப் பிடித்துக்கொள்ளக் கூடியது.

குரோமோசோம் துண்டுகள் இடம் மாறும்போது, இந்த ஏபிஎல்லின் முன்பக்கத்தில் பிசிஆர் என்ற வேறொரு புரதத்தின் பகுதி வந்து ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு அடக்கம் போய்விடுகிறது. பிசிஆர்-ஏபிஎல் மூலக்கூறுகள் கொத்தாகச் சேர்ந்து, ஆக்டின் இழைகளில் போய் உட்கார்ந்து, ஓயாமல் உத்தரவு போடுகின்றன. 'பெருகு, பெருகு' என்பதே அந்த உத்தரவுகளின் சாரம். எலும்பு மஜ்ஜையில் ஒட்டிக்கொண்டு முதிர வேண்டிய இளம் செல்களின் பிடியும் தளர்கிறது. முதிராமலேயே ரத்தத்துக்கு வந்துவிடுகின்றன.

ஆக்டினைப் பிடிப்பது அத்தனை முக்கியமா? கலிஃபோர்னியாவில் ஜான் மெக்வெர்ட்டர், ஜீன் வாங் இருவரும் இதைச் சோதித்து 1993-ல் எழுதினார்கள். பிடிக்கும் பகுதியைக் கெடுத்துவிட்டால், செல்லைப் புற்றுநோய்ச் செல்லாக மாற்றும் திறனும் குறைந்தது. ஒரு என்ஸைம் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறது என்பதும் நோயின் ஒரு பகுதிதான்.

இனி மாத்திரைக்கு வருவோம். இமாட்டினிப் என்ற அந்த மாத்திரை 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பாஸ்பேட்டைத் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு ஏபிஎல்லில் வந்து அமர வேண்டிய குழியில் இது போய் அடைத்துக்கொள்கிறது. உத்தரவு நின்றுவிடுகிறது. இந்த மருந்தோடு சிகிச்சையைத் தொடங்கியவர்களில் சுமார் 83 சதவீதம் பேர் பத்து ஆண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள் என்று ஒரு பெரிய ஆய்வு காட்டியது.

ஆனால் கவனியுங்கள். மாத்திரை அந்த மரபணுவைத் திருத்துவதில்லை. செல் பிசிஆர்-ஏபிஎல்லை மறுபடி மறுபடி தயாரித்துக்கொண்டேதான் இருக்கும். ரத்தத்தில் மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஏறக்குறைய 18 மணி நேரம் ஆகும். தினமும் சாப்பிடச் சொல்வது அதனால்தான்.

ஒரு நாள் இரண்டு நாள் விட்டால் என்ன என்று கேட்பீர்கள். லண்டனில் 87 நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2010-ல் வெளியானது. மருந்து பாட்டிலின் மூடியில் சிப் வைத்து, எப்போதெல்லாம் திறக்கப்படுகிறது என்று கணக்கெடுத்தார்கள். 90 சதவீதத்துக்கு மேல் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கு, ஆறு ஆண்டுகளில் நோயின் அளவு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும் வாய்ப்பு 94.5 சதவீதம். மற்றவர்களுக்கு வெறும் 28.4 சதவீதம். மாதத்துக்கு மூன்று நாள் விட்டாலே நீங்கள் அந்த இரண்டாவது கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறீர்கள்!

யாரும் வேண்டுமென்று விடுவதில்லை. கல்யாணத்துக்குப் போன இடத்தில் உறவுக்காரர்களுக்குத் தெரிந்துவிடுமே என்று மறைப்பார்கள். குமட்டும், கண்ணுக்குக் கீழே வீங்கும், ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னால் வழி உண்டு. சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு போட்டுக்கொண்டாலே குமட்டல் பலருக்குக் குறையும். ஒருவேளை மறந்துவிட்டால், மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள்.

பணம் இன்னொரு காரணம். இந்த மருந்தின் காப்புரிமை வழக்கு நம் சென்னையோடு நெருங்கிய தொடர்புள்ளது. அசல் மருந்தைத் தயாரித்த நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998-ல் சென்னை காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. 2006-ல் அது நிராகரிக்கப்பட்டது. 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. அசல் மருந்துக்கு மாதம் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் ஆன காலத்தில், இந்திய ஜெனரிக் மருந்து பத்தாயிரத்துக்குள் கிடைத்தது. இன்றும் கையில் காசு இல்லையென்றால், மாத்திரையைப் பாதியாக்கிச் சாப்பிடாதீர்கள். அரசு மருத்துவமனையில், காப்பீட்டுத் திட்டத்தில் என்ன வழி இருக்கிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

நிறுத்தவே கூடாதா? பல வருடம் நோய் மிக ஆழமாக அடங்கியிருக்கும் சிலருக்கு, டாக்டர்களே நிறுத்திப் பார்ப்பது உண்டு. அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்து, நோய் தலைகாட்டினால் உடனே மறுபடி தொடங்குவார்கள். அது அவர்கள் கண்காணிப்பில் நடக்க வேண்டியது. 'எனக்குத்தான் நல்லா இருக்கே' என்று நாமே எடுக்கிற முடிவு வேறு.

உங்கள் வீட்டில் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால், சாப்பிட்டாச்சா என்று தினமும் கேளுங்கள். தொல்லை என்று அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொள்ளட்டும், மாத்திரை உள்ளே போனால் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்