12 வெள்ளி முடிவெட்டும் நாம் மதிக்காத தொழிலும்

சென்ற மாதம் ஒரு பேரங்காடியில் உள்ள மலிவு விலை முடிதிருத்தும் கடையில் தலையைக் கொடுத்தேன். பல இடங்களில் கிளைகள் வைத்திருக்கும் கடை. இயந்திரத்தில் 12 வெள்ளியைப் போட்டால் எண் அச்சிட்ட சீட்டு வரும். 10 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும் என்று சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். எனக்கு ஆனது 8 நிமிடம்தான்.

என் தலையில் இரட்டைச் சுழி. (இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு கல்யாணம் என்று பாட்டிமார் சொல்வது இருக்கட்டும், ஒன்றுக்கே வழியைக் காணோம்.) சுழி உள்ள இடத்தில் முடி வட்டமாகத் திரும்பி வளரும். அங்கே மெஷினை ஒட்ட ஓட்டினால் முடி படியாது, குத்திட்டு நிற்கும். கத்தரிக்கோலால், கொஞ்சம் நீளம் விட்டு வெட்ட வேண்டும். உட்கார்ந்ததும் இதைச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, "நொம்போர் பெராப்பா?" என்று மட்டும் கேட்டார். மெஷினில் மாட்டும் சீப்பின் எண் அது. 2 என்றால் 6 மில்லிமீட்டர், 3 என்றால் ஏறக்குறைய 10. "பக்கத்தில் 2, மேலே கத்தரி" என்றேன். மேலேயும் மெஷின்தான் ஏறியது. அதன் பிறகு இரண்டு வாரம் என் உச்சந்தலை, தூங்கி எழுந்த சேவலின் கொண்டை மாதிரி இருந்தது. விரிவுரைக்குத் தொப்பியோடு போனேன்.

நண்பர்கள் அந்த ஊழியரைத் திட்டினார்கள். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் கண் என் தலையில் இருந்ததைவிட வாசலில் காத்திருந்த நால்வர்மீதுதான் அதிகம் இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் இப்போது 1,700 வெள்ளி. 26 நாள் வேலை என்றால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி. 12 வெள்ளி வீதம் முதல் ஆறு தலைகள் அவருடைய சம்பளத்துக்கே போய்விடும். அதற்கு மேல் சேமநிதி, சொக்சோ, பேரங்காடி வாடகை, மின்சாரம், கிளை நடத்துபவரின் இலாபம் எல்லாம் இருக்கின்றன. ஒரு தலைக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் மணிக்கு 24 வெள்ளிதான் வரும். கடை தாங்காது. ஆகவே என் சுழியைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. நேரம் இல்லாததுதான் அந்த விலையே.

இந்த முறை ஜப்பானில் பிறந்தது. 1996-இல் தோக்கியோவில் தொடங்கிய கியூபி ஹவுஸ், 10 நிமிடம், 1,000 யென் என்று அறிவித்தது. தலை கழுவுவதில்லை, சவரம் இல்லை. வெட்டிய துகளை ஒரு குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். முடிவெட்டவே ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்ட ஊரில் அது பெரிய மாற்றம்தான். அங்கும் 2019-இல் விலை 1,200 யென் ஆனது. மலிவுக்கும் ஓர் எல்லை உண்டு.

வேகமே குற்றம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பத்துமலையில் தைப்பூசத்தின்போது மொட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். சில நிமிடங்களில் ஒரு தலை முடிந்து, சந்தனம் பூசிக்கொண்டு அடுத்த ஆள் எழுந்து 272 படிகளை நோக்கிப் போவார். கையில் சவரக்கத்தி, எதிரில் அழும் கைக்குழந்தை, சுற்றிலும் மேளச் சத்தம். அந்த வேகம் பல ஆண்டுப் பழக்கத்தில் வருவது. சுவரில் எழுதி வைத்து வாங்க முடியாது.

அப்படிப்பட்ட கைகள் குறைந்துகொண்டே வருவதுதான் என் கவலை. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலைப் பக்கமும் நம்மவர் நடத்தும் முடிதிருத்தும் கடைகளில் நாற்காலி நான்கு இருந்தால் ஆள் இரண்டு பேர்தான் நிற்கிறார்கள். 2009-இல் முடிதிருத்தும் கடை, நகைத்தொழில், ஜவுளி ஆகிய மூன்று துறைகளுக்கும் அந்நியத் தொழிலாளர் எடுப்பது முடக்கப்பட்டது. உரிமையாளர்கள் விடாமல் கேட்டுவந்தார்கள். 2023-இல் மூன்றுக்கும் சேர்த்து 7,500 பேருக்கு அனுமதி என்று அரசு அறிவித்தது. அதற்குப் பிறகும் ஆள் பற்றாக்குறைப் பேச்சு ஓயவில்லை.

உள்ளூர் இளைஞர்கள் ஏன் வருவதில்லை என்று அமைச்சர்களும் கேட்கிறார்கள், சங்கங்களும் கேட்கின்றன. சம்பளம் ஒரு காரணம், நீண்ட நேர வேலை இன்னொரு காரணம். மூன்றாவதை மேடையில் யாரும் பேசுவதில்லை. "படிக்கலேன்னா முடிதான் வெட்டப் போவே" என்ற வசவைக் கேட்காத தமிழ்ப் பையன் நம்மில் யார்? அதே வேலைக்குப் பெயரை 'ஹேர் ஸ்டைலிஸ்ட்' என்று மாற்றி, கண்ணாடிக் கதவு போட்டு, 60 வெள்ளி வாங்கினால் அப்போது மட்டும் அது கலை ஆகிவிடுகிறது. இதில் சாதி ஒளிந்திருக்கிறது என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். தமிழகத்தில் முடிதிருத்தும் சமூகத்தினர் ஒரு காலத்தில் வைத்தியமும் பார்த்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். மருத்துவர், பண்டிதர் என்ற பெயர்கள் அவர்களுக்கு அப்படித்தான் வந்தன. அந்தச் சமூகத்தின் பெயரையே வசவாக்கிக் கப்பலேறி இங்கேயும் கொண்டுவந்தவர்கள் நம் முன்னோர்.

பிள்ளைகளைச் சேர்க்கத் தயங்கும் பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். சம்பளச் சீட்டு இல்லாமல், சேமநிதி கட்டாமல், வாரத்துக்கு ஒரு நாள் விடுப்பும் கொடுக்காத கடைக்கு யார் மகனை அனுப்புவார்? ஆள் வேண்டும் என்று கேட்கும் உரிமையாளர்கள் முதலில் இதைச் சரிசெய்யட்டும். 12 வெள்ளிக் கடையோடு விலையில் போட்டி போட்டால் தோல்விதான். பொறுமையாக வெட்டினால் 20 வெள்ளி கொடுக்க மாணவர்களாகிய நாமே தயார். கைப்பேசி உறைக்கு அதைவிட அதிகம் செலவு செய்கிறோம்.

முறையாகக் கற்கவும் வழி இருக்கிறது. முடி அலங்காரத்துக்கு மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்கேஎம் உண்டு. முதல் மூன்று நிலைகள் சான்றிதழ். நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா என்பது அந்த ஏணியின் அமைப்பு. அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் படிப்பவர்கள் திறன் மேம்பாட்டு நிதிக் கழகமான பிடிபிகேயிடம் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். எஸ்பிஎம் முடித்ததும் பொறியியலா, கணக்கியலா என்று குழம்பும் தம்பி தங்கைகள், தங்கள் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் இந்தப் பயிற்சி பற்றிய விவரக் கையேடு இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்றும் கேளுங்கள்.