பன்னிரண்டு பேருக்காக

கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஏறக்குறைய ஐம்பது வருஷமாக மனிதர்களைப் படுத்திக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் டேப். உங்கள் கீபோர்டில் 'க்யூ'வுக்கு இடது பக்கம் இருக்கிறது. தட்டினால் கொஞ்சம் இடம் விடும். ஸ்பேஸ் பாரை எட்டுத் தடவை தட்டினாலும் அநேகமாக அதே இடம்தான் விடும். பார்வைக்கு இரண்டும் ஒன்று. 'மேக்' என்கிற மென்பொருளுக்கு மட்டும் ஒன்று அமிர்தம், இன்னொன்று விஷம்.

மேக் நல்ல சரக்கு. அதில் சந்தேகமே வேண்டாம். பெரிய ப்ரோக்ராம்களை ஒரே ஃபைலில் யாரும் எழுதுவதில்லை. நூறு, ஆயிரம் ஃபைல்களாக எழுதி, ஒவ்வொன்றையும் கம்பைல் செய்து, கடைசியில் கோத்து ஒன்றாக்குவார்கள். ஒரு ஃபைலில் ஒரு வரி மாறியதற்கு எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் பண்ணுவது வெட்டி வேலை. புளி போதவில்லை என்று யாராவது பருப்பைத் திரும்ப வேகவைப்பார்களா? எதற்கு எது தேவை, எப்படிச் செய்வது என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டால், ஃபைல்களின் தேதியையும் நேரத்தையும் பார்த்து, மாறியதை மட்டும் மேக் புதுப்பிக்கும். அந்தப் பட்டியலில் செய்முறை வரிகள் எல்லாம் டேப்பில்தான் ஆரம்பிக்க வேண்டும். ஸ்பேஸில் ஆரம்பித்தால் 'மிஸ்ஸிங் செப்பரேட்டர். ஸ்டாப்' என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடும். ஈமெயிலில் வந்ததைக் காப்பி செய்து ஒட்டும்போது டேப் எல்லாம் ஸ்பேஸாக மாறிப்போய், ஒரு மத்தியானம் முழுக்கத் திரையை முறைத்துக்கொண்டிருந்தவர்களைக் கேளுங்கள். (நானும் அதில் ஒருவன்.)

இது எப்படி வந்தது? 1976. அமெரிக்காவில் பெல் லாப்ஸ். ஸ்டீவ் ஜான்சன் என்கிற சக ஊழியர், திருத்திய ஃபைலைக் கம்பைல் செய்ய மறந்துவிட்டு, சரியான ப்ரோக்ராமில் இல்லாத தப்பைத் தேடி ஒரு காலையைத் தொலைத்தார். அவர் புலம்பியதைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அந்த வார இறுதியிலேயே மேக்கை எழுதிவிட்டார். பட்டியலைப் படித்து அர்த்தம் பிரிக்கும் பகுதிக்குப் பார்ஸர் என்று பெயர். அதற்கு வேண்டிய கருவிகள் அப்போதுதான் புதிதாக வந்திருந்தன. வரி ஆரம்பத்தில் டேப் என்று வைத்தார், வேலை செய்தது, அப்படியே விட்டுவிட்டார். சில வாரங்களில் அது சரியில்லை என்று தெரிந்தது. ஆனால் அதற்குள் பன்னிரண்டு பேர் போல மேக்கை உபயோகிக்க ஆரம்பித்திருந்தார்கள். பெரும்பாலும் நண்பர்கள். அவர்களுக்கு எதற்குத் தொந்தரவு என்று மாற்றவில்லை. இதை அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டிருக்கிறார். 2003-ல் மேக்குக்காக அவருக்கு ஏ.சி.எம். விருது கிடைத்தது. தகும்.

என் சண்டை ஃபெல்ட்மனோடு இல்லை. அந்தப் பன்னிரண்டு பேரைக் காட்டி, 'ஓடுகிற வண்டியில் கை வைக்காதே' என்று இன்றைக்கும் உபதேசம் செய்கிறவர்களோடுதான். பழைய உபயோகிப்பாளர்களுக்கு மரியாதை என்கிறார்கள். அதற்கான பில்லை யார் கட்டுகிறார்கள்? அன்றைக்குப் பிறந்தே இராத, கருத்துக் கேட்கப்படாத, நாளை முதல் நாள் வேலைக்குச் சேரப்போகிற பையனும் பெண்ணும். பன்னிரண்டு பேருக்கு அரை மணி நேர வேலையை மிச்சப்படுத்தி, வந்தவர் வருகிறவர் எல்லோருக்கும் ஆளுக்கொரு மத்தியானம். என்ன கணக்கு சார் இது?

இன்னொரு கூத்து. வரி எட்டு ஸ்பேஸில் ஆரம்பித்தால் க்னூ மேக், 'டேப் போட நினைத்தாயா?' என்று ஆங்கிலத்தில் கேட்கும். கேட்டுவிட்டு நின்றுவிடும். தெரிகிறதல்லவா, அப்புறம் என்ன? நாலு ஸ்பேஸ் போட்டால் அந்த விசாரிப்பும் கிடையாது. வேறு எழுத்தை வைத்துக்கொள்ளலாம் என்ற சலுகை க்னூ மேக்கில் 2010-ல்தான் வந்தது. முப்பத்து நாலு வருஷம்! அதுவும் ஒவ்வொரு ஃபைலிலும் மனுப் போட வேண்டும்.

இன்றைக்கு டேப்பை ஒரே நாளில் தூக்கிவிட முடியாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஸ்பேஸில் ஆரம்பிக்கும் வரிகளுக்கு மேக்கில் வேறு அர்த்தம் ஏற்கெனவே இருக்கிறது. விதியை மாற்றினால் பழைய பட்டியல்கள் சத்தமில்லாமல் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அது இதைவிட மோசம். ஆனால் மாற்றவே முடியாது என்பது பொய். சி-மேக்கைப் பாருங்கள்.

2000-ல் பிறந்த இந்த சி-மேக்கின் மொழியும் ஆரம்பத்தில் கண்றாவிதான். 'இஃப்' என்று ஒரு நிபந்தனை எழுதினால், முடிக்கும் இடத்தில் அதே நிபந்தனையை மறுபடி எழுத வேண்டும். 2008-ல் வந்த 2.6-ல் அந்தக் கட்டாயம் போயிற்று. அதே பதிப்பில் ஒரு நல்ல ஏற்பாடும் வந்தது. எந்தப் பதிப்பை நம்பி எழுதினேன் என்று பட்டியலிலேயே சொல்லிவிட வேண்டும். பழைய எண் சொன்னால் பழைய நடத்தை, புது எண் சொன்னால் புது நடத்தை. 2014-ல் 3.1 வந்தபோது பார்ஸரின் முக்கியமான ஒரு பகுதியையே வேகமாகத் திருத்தி எழுதினார்கள். பழையதையும் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். நிரந்தரமாக அல்ல. 2023-லிருந்து, 3.5-க்கும் முந்தைய எண் சொன்னவர்களுக்கு எச்சரிக்கை காட்டினார்கள். 2025 மார்ச்சில் வந்த 4.0-ல் பழையதைக் கழற்றி எறிந்துவிட்டார்கள்.

உடனே கூப்பாடு. 'என் ப்ராஜெக்ட் உடைந்துவிட்டது!' இதில் ஒரு பகுதி நியாயம்தான். யாரோ எழுதிவிட்டுப் போன பழைய மென்பொருளை இறக்கிக் கம்பைல் செய்கிற அப்பாவிக்கு அந்த எச்சரிக்கையால் என்ன பிரயோசனம்? அவருக்காக, பட்டியலைத் தொடாமலே 3.5 என்று வைத்துக்கொள்ளச் சொல்லும் வழி ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் பிடிக்கவில்லை என்றால் பழைய சி-மேக் இன்னமும் கிடைக்கிறது.

ஆனால் சொந்தக்காரர்களே கத்தியதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. இரண்டு வருஷமாக ஒவ்வொரு தடவையும் திரையில் எச்சரிக்கை ஓடியிருக்கிறது. பல ப்ராஜெக்ட்டுகளில் மாற்ற வேண்டியிருந்தது ஒரே ஓர் எண். அது இருப்பது எங்கேயோ மூலையில் அல்ல, பெரும்பாலும் ஃபைலின் முதல் வரியில்.