வேன் கூரையில் துரு... பட்டி போட்டு மூடலாமா?

''எங்களிடம் 2009-ம் ஆண்டு வாங்கிய ஆம்னி வேன் இருக்கிறது. மணிலா, காய்கறி, உர மூட்டை எல்லாவற்றுக்கும் அதுதான். கூரை ஓரத்தில் துரு பிடித்து, போன ஐப்பசி மழையில் உள்ளே ஒழுகியதில் இரண்டு மூட்டை மணிலா நனைந்துவிட்டது. பட்டி போட்டு பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார்கள். போதுமா?''

- ஒரு வாசகர், வல்லம், செஞ்சி வட்டம்.

போதாது. துருவின் மேல் பட்டி போட்டால் ஒரு மழைக்காலம் தாங்கலாம். பட்டிக்கு அடியில் துரு பரவிக்கொண்டேதான் இருக்கும். துருவாக மாறும் இரும்பு முன்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். பெயின்ட் கொப்புளம்போல எழும்புவதற்கு அதுதான் காரணம். வெளியே ஒரு ரூபாய் அளவு கொப்புளம் தெரிந்தால், அடியில் உள்ளங்கை அளவுக்குத் துரு இருக்க வாய்ப்பு உண்டு.

1984-ல் வந்து 2019-ல் தயாரிப்பு நிறுத்தப்பட்ட ஆம்னியில், கூரையின் இரண்டு ஓரமும் மழைநீர் வடியும் வாய்க்கால் இருக்கிறது. தகடுகள் சேரும் அந்த இணைப்பில் பூசிய சீலன்ட் வெயிலில் வெடித்ததும் தண்ணீர் உள்ளே இறங்கும். கேரியரின் கால்கள் பெயின்ட்டைச் சுரண்டுவதும் அங்கேதான். வெளிநாடுகளில் பழைய வேனையே வீடாக்கி ஊர் சுற்றுபவர்களும் முதலில் பார்ப்பது இந்த வாய்க்காலைத்தான். விவசாயி வண்டிக்குக் கூடுதலாக ஓர் எதிரி உண்டு, உரம். பொட்டாஷ் என்று வாங்குவது குளோரைடு உப்பு. சிந்திய உரம் வாய்க்காலில் தங்கி ஈரம் பட்டால், கடலோரத்து இரும்புபோல வேகமாகத் துருப்பிடிக்கும்.

முதலில் சோதனை

கேரியரைக் கழற்றி, உள்பக்கக் கூரைத் துணியையும் இறக்க வேண்டும். ஒருவர் ஹோஸ் பைப்பில் கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட, இன்னொருவர் உள்ளே டார்ச் லைட்டுடன் பார்க்க வேண்டும். சொட்டும் இடமும் தண்ணீர் நுழையும் இடமும் பெரும்பாலும் வேறு வேறாகவே இருக்கும். பிறகு, துருப்பிடித்த இடத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பார்க்க வேண்டும். கெட்டியாக இருந்தால் மேல்துரு. அமுங்கினாலோ பொத்துக்கொண்டாலோ அந்தத் தகட்டை வெட்டித்தான் ஆக வேண்டும்.

மேல்துருவுக்கு

வயர் பிரஷ், 80-ம் நம்பர் உப்புத்தாள் கொண்டு, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்க்க வேண்டும். துருவைத் தாண்டி, நல்ல பெயின்ட் உள்ள இடத்திலும் இரண்டு விரல் அகலம் தேய்ப்பது அவசியம். பள்ளங்களில் மிஞ்சும் துருவுக்கு ரஸ்ட் கன்வர்ட்டர் தடவலாம். அதில் அமிலம் இருப்பதால் கையுறை, கண்ணாடி தேவை. காய்ந்ததும் கழுவ வேண்டுமா, வேண்டாமா என்பதை டப்பாவில் பார்த்துச் செய்யவும்.

அன்றைக்கே எபாக்சி பிரைமர் அடித்துவிட வேண்டும். வெறும் இரும்பை இரவு முழுக்க விட்டால் பனி ஈரத்திலேயே மறுபடி துரு ஆரம்பித்துவிடும். பட்டி தேவைப்பட்டால் பிரைமருக்கு மேல் மெல்லிசாகப் போடலாம். பட்டி தண்ணீரை உறிஞ்சும் என்பதால், அதன் மேல் மறுபடி பிரைமரும் பெயின்ட்டும் கட்டாயம். வாய்க்கால் இணைப்புக்கு பாடி வேலைக்கான பி.யு. சீலன்ட்டைப் பயன்படுத்தலாம். காடி வாடை வீசும் சாதாரண சிலிக்கான் வேண்டாம். அதிலிருந்து வரும் அமிலம் இரும்பை அரிக்கும். அதன் மேல் பெயின்ட்டும் ஒட்டாது.

ஓட்டை விழுந்திருந்தால்

துருத் தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதுதான் நிலையான வழி. கூரைத் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லியது. கோடாகப் பற்றவைத்தால் சூட்டில் நெளிந்துவிடும். விட்டுவிட்டுப் புள்ளிபுள்ளியாக வைக்கத் தெரிந்த, சி.ஓ.2 வெல்டிங் உள்ள டிங்கரிங் பட்டறையே இதற்கு ஏற்றது. வேலை முடிந்ததும் ஒட்டின் உள்பக்கத்துக்கும் பிரைமர் அடிக்கச் சொல்ல வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, சீட், துணி, பஞ்சு எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட வேண்டும். கேஸ் கிட் உள்ள வண்டி என்றால், பட்டறையில் முதலிலேயே சொல்லி, சிலிண்டரை இறக்கிய பிறகே நெருப்பு வைக்க வேண்டும். கிரைண்டர் பொறி பட்டால் கண்ணாடியில் புள்ளி விழும். அதனால் ஈரச்சாக்கு போட்டு மூடுவது நல்லது.

செலவு செய்யலாமா?

சொந்த உபயோக வண்டிக்கு ஆர்.சி. 15 ஆண்டுகள்தான். அதன் பிறகு சோதனைக்குக் காட்டி, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆகவே கூரைக்குச் செலவு செய்யும் முன், அடித்தளம், கதவுத் தூண்கள், தூணும் கூரையும் சேரும் இடம் மூன்றையும் டிங்கரிடம் காட்டிக் கேட்க வேண்டும். இவை திடமாக இருந்தால் கூரை வேலை வீண் போகாது. தூணே அரித்திருந்தால், அது குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டி அல்ல. கூரைக்குப் போடும் பணத்தை மாற்று வண்டிக்குச் சேர்த்து வைப்பதே மேல்.

வேலையை ஐப்பசிக்கு முன்பே, வெயில் உள்ள நாளில் முடித்துவிட வேண்டும். ஒவ்வொரு முறை உரம் ஏற்றி இறக்கிய பிறகும் வாய்க்காலை நல்ல தண்ணீரால் கழுவி, ஈர மூட்டையுடன் வண்டியை மூடி வைக்காமல் இருந்தால், பழுது பார்த்த கூரை பல வருஷம் வரும். போன மழையில் நனைந்த மணிலாவில் பூசணம் தெரிந்தால் விதைக்கோ, உணவுக்கோ, மாட்டுத் தீவனத்துக்கோ எடுக்க வேண்டாம். அந்தப் பூசணத்தின் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது.