எஸ்கேப் விசையும் தகுதி திறமையும்

முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்த முதல் மாதம். ஆய்வகத்தில் உட்கார்ந்து ஒரு நிரலைத் திருத்திக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்ற மூத்த ஆய்வாளர் ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இன்னும் மவுஸைத்தான் புடிச்சிட்டிருக்கியா?” என்று சிரித்தார். கெட்ட மனிதர் அல்ல. அவர் விம் எடிட்டரில் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். மவுஸ் ஓரமாகக் கிடக்கும், விரல்கள் விசைப்பலகையை விட்டு எழாது, திரையில் வரிகள் தாமாகவே இடம் மாறுவதுபோல் இருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் அன்று அவர் கேட்டதும் அறையில் இருந்த மற்றவர்கள் என் வலது கையைப் பார்த்தார்கள். தொட்டால் தீட்டு என்ற பட்டியலில் மவுஸும் சேர்ந்துவிட்டதா என்று பிறகு தோழியிடம் சொல்லிச் சிரித்தேன். அன்று சிரிப்பு வரவில்லை.

விடுதிக்குப் போய் இரவில் கற்றுக்கொண்டேன். விம்மோடு ஒரு பயிற்சிக் கோப்பு கூடவே வருகிறது. அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். எச், ஜே, கே, எல் விசைகள் இடம், கீழ், மேல், வலம் நகர்த்தும். டி என்றால் அழி, டபிள்யூ என்றால் சொல். இரண்டையும் சேர்த்து அடித்தால் ஒரு சொல் போகும். எழுதும்போது ஒரு நிலை, கட்டளை இடும்போது இன்னொரு நிலை. இரண்டுக்கும் நடுவில் எஸ்கேப் விசை. முதல் இரண்டு வாரம் முன்பைவிட மெதுவாகத்தான் வேலை நடந்தது. மூன்றாவது வாரம் ஒருநாள், விரல்கள் என்னைக் கேட்காமலே வரியை வெட்டி ஒட்டியதைக் கவனித்தேன். இவ்வளவுதானா என்று கோபம்தான் வந்தது.

ஒருநாள் தேநீர்க் கடையில் அந்த மூத்தவரிடம், எப்போது கற்றீர்கள் என்று கேட்டேன். ஒன்பதாம் வகுப்பில், அப்பாவிடம் என்றார். வீட்டில் கணினி, பக்கத்து நாற்காலியில் மென்பொருள் பொறியாளரான அப்பா. நான் பிளஸ் டூ படித்தது 2011-12இல். அந்த ஆண்டுதான் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. என் வீட்டுக்கு வந்த முதல் கணினி அதுதான். அதன் பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லை. அவருக்கும் எனக்கும் நடுவில் இருந்தது சில ஆண்டு விரல் பழக்கம். ஆய்வகத்தில் அதற்குத் திறமை என்று பெயர்.

இட ஒதுக்கீட்டை எதிர்ப்பவர்கள் ‘தகுதி, திறமை’ என்று பேசும்போது அது ஏதோ மூளைக்குள் பிறவியிலேயே ஊறியது என்பதுபோல் பேசுவார்கள். சென்னை ஐஐடியை ஆராய்ந்து அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் வெளியிட்ட ‘தி காஸ்ட் ஆஃப் மெரிட்’ நூல், சாதி வழி வந்த முதலீடு எப்படித் தகுதியாக வேடம் மாற்றிக்கொள்கிறது என்று காட்டுகிறது. கைவேலையைக் கீழான சாதிகளுக்கு ஒதுக்கிய சமூகத்தில், பொறியியல் என்பது கையிலிருந்து பிரிக்கப்பட்டுத் தலையின் வேலையாக ஆக்கப்பட்ட கதையும் அதில் உண்டு. குறுக்குவிசைகள் எனக்கு வேடிக்கையாகத் தெரிவது இங்கேதான். இது முழுக்க முழுக்கக் கைவேலை. நெசவைப் போல, பறை அடிப்பதைப் போல, திரும்பத் திரும்பச் செய்து விரலில் ஏற்றுவது. அதைச் செய்கிறவர் மட்டும் ‘மூளைக்காரர்’.

சரி, அந்த விசைகளில் அப்படி என்ன ஞானம் ஒளிந்திருக்கிறது? விம்முக்கு முன்னோடியான வி.ஐ. எடிட்டரை பில் ஜாய் 1976இல் பெர்க்லியில் எழுதினார். அவர் கையில் இருந்தது ஏடிஎம்-3ஏ என்ற முனையம். அதில் அம்புக்குறிகளுக்குத் தனி விசை கிடையாது. எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறி அச்சிட்டிருந்தது. எஸ்கேப் விசை, இன்று நம் பலகையில் டேப் இருக்கும் இடத்தில், சுண்டுவிரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. லினக்ஸில் வீட்டுக் கோப்புறையைக் குறிக்கும் அலைக்கோடுகூட அதே பலகையில் ‘ஹோம்’ என்ற சொல்லும் அலைக்கோடும் ஒரே விசையில் இருந்ததால் வந்தது. ஒரு மேசையில் கிடந்த ஒரு இயந்திரத்தின் அமைப்பு, இயந்திரம் போன பிறகும் மரபாக நிற்கிறது. மரபு என்றாலே அதில் காரணம் இருக்கும் என்று நமக்குச் சொல்லித்தந்தவர்கள் இதை ஒருமுறை பார்க்கலாம்.

வெட்டு, நகலெடு, ஒட்டு என்பதை நமக்குத் தந்தவர்களில் ஒருவரான லாரி டெஸ்லர், இப்படி நிலை மாற்றும் முறையே மனிதருக்கு விரோதமானது என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார். அவர் பக்கமும் நியாயம் உண்டு. யாராவது மவுஸிலேயே வேலை செய்ய விரும்பினால் செய்யட்டும். என் பிரச்சினை கருவி பற்றியது அல்ல. எது கற்றுத்தரப்படுகிறது, எது பக்கத்தில் உட்கார்ந்து உறிஞ்சிக்கொள்ள விடப்படுகிறது என்பது பற்றியது.

இதற்கு எதிர் உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது: டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். என் சித்தி தொண்ணூறுகளில் திருப்பத்தூரில் காலை ஆறு மணி பேட்ச்சுக்குப் போவார். ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப் என்று தாள் தாளாக அடிப்பார். வேகத்தை யாரும் மரபணுவில் தேடவில்லை. ஆங்கிலத்தில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் தேர்வு நடத்தும், பிழைக்கு மதிப்பெண் குறையும், தேறினால் சான்றிதழ். அந்தச் சான்றிதழோடு தேர்வாணையத் தேர்வு எழுதித் தட்டச்சராக அரசு அலுவலகத்தில் நுழைந்த எங்கள் தெருவின் முதல் பெண் அவர். பெரியார் 1935இல் குடி அரசில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையில் எடுத்தபோது சொன்ன காரணங்களில் ஒன்றும் அச்சும் தட்டச்சும் எளிதாக வேண்டும் என்பதே. அரசு அதை ஏற்க 1978 ஆனது. கருவியை மனிதருக்கு ஏற்ப மாற்று, மாறாததைப் பயிற்சியால் பொதுவாக்கு. இந்த இரண்டும் நமக்குத் தெரிந்த அரசியல்தான்.

போன கோடை விடுமுறையில் திருப்பத்தூரில் நண்பர்களோடு சேர்ந்து கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு வாரம் நிரலாக்கம் சொல்லிக்கொடுத்தோம். பாதிப் பேர் ஜவ்வாது மலையில் புதூர்நாடு பக்கத்து ஊர்களைச் சேர்ந்தவர்கள். மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள், உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து வந்தவர்கள். அதே மலையில் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இலேயே ஏறிவிட்டது. ஆனால் இவர்களில் பலருக்கு விசைப்பலகையில் பத்து விரலையும் வைத்துப் பழக வாய்ப்புக் கிடைத்ததே இல்லை. முதல் மூன்று நாள் நிரலே எழுதவில்லை. சித்தியின் பழைய பயிற்சிப் புத்தகத்தை வைத்து விரல் பயிற்சி மட்டும். உடன் வந்த தோழருக்கு இதில் உடன்பாடு இல்லை. “ஏஐ நிரல் எழுதுற காலத்துல டைப்ரைட்டிங் வகுப்பா?” என்றார். இருக்கட்டும் தோழர். ஏஐ எழுதினாலும் நேர்காணலில் பின்னால் ஒருவர் நின்று பார்க்கத்தான் போகிறார். அந்த நேரத்தில் கை தடுமாறினால் தலையில் இருப்பதும் வெளியே வராது. எனக்கு வந்ததில்லை.

நான்காம் நாள் விம். டி, டபிள்யூ என்று சொல்லிக்கொடுத்தபோது ஒரு மாணவி கை தூக்கினாள். “அக்கா, இது நாம பேசறதுக்குத் தலைகீழா இருக்கு. ‘அழி, சொல்லை’ன்னா சொல்லுவோம்? சொல்லை அழின்னுதான சொல்லுவோம்?” இத்தனை ஆண்டில் எனக்குத் தோன்றாதது. விம்மில் முதலில் தேர்ந்தெடுத்துப் பிறகு கட்டளையிடும் வழியும் உண்டு: வி, ஐ, டபிள்யூ, பிறகு டி. ஒரு விசை, இரண்டு விசை கூடுதல்; வேகப் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். அந்த வகுப்பு முழுவதும் அதையே பிடித்துக்கொண்டது. தமிழ் வாக்கியத்தின் வரிசை அது.

அடுத்த சிக்கலையும் அவளே கண்டுபிடித்தாள். தமிழில் எழுதிவிட்டு எஸ்கேப் அடித்தால் விசைப்பலகை தமிழிலேயே நிற்கிறது. கட்டளைகள் எதுவும் வேலை செய்வதில்லை. விம்முக்குள் தமிழுக்கென்று ஒரு விசை வரைபடக் கோப்பு இருக்கிறது. ஆனால் அது யூனிகோடுக்கு அல்ல, டிஸ்கி குறியாக்கத்துக்கு எழுதப்பட்டது. யூனிகோடுக்கு ஒன்றை நாமே எழுதிக்கொள்ளலாம், எழுத்துக்கு ஒரு வரி. இந்த வேலையை யாரும் தகுதி திறமைப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

அரசால் இது முடியாதா? முடியும் என்று ஒருமுறை காட்டியிருக்கிறார்கள். 2007 வாக்கில் எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றினார், அரசுப் பள்ளிகளுக்கும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டுபோனார். பட்டியல் சாதியிலிருந்து வந்த ஐஏஎஸ் அதிகாரி. 2010இல் அவருடைய சாதிச் சான்றிதழையே கேள்விக்குள்ளாக்கி இடைநீக்கம் செய்தார்கள், பிறகு திரும்பப் பெற்றார்கள். அவருடைய பிற்கால நிலைப்பாடுகள் பலவற்றோடு எனக்கு ஒப்புதல் இல்லை. அந்தக் காலத்து வேலை தொடரவில்லை என்பதில் வருத்தம் உண்டு. உண்டு உறைவிடப் பள்ளிகளில் வாரத்துக்கு இரண்டு பாடவேளை விரல் பயிற்சிக்கும் ஒரு எடிட்டருக்கும் ஒதுக்க, பெரிய நிதி வேண்டாம். விம் இலவசம். அதை எழுதிய பிராம் மூலினார் 2023இல் இறந்தார். பயன்படுத்துகிறவர்களிடம் உகாண்டா குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று கேட்டவர் அவர். அந்த வேண்டுகோள் எடிட்டரைத் திறந்தாலே வரும். நல்ல மனம். நம் பிள்ளைகளுக்கு நான் கேட்பது உதவி அல்ல, பாடவேளை.

கடைசி நாள் எச், ஜே, கே, எல் வரிசையை யாராவது இன்னும் மறக்கிறார்களா என்று கேட்டேன். பாதிக் கைகள் எழுந்தன. தமிழ்99 பலகையில் அந்த நான்கு விசைகள் க, ப, ம, த. அதே மாணவி ஊருக்குத் திரும்பும் நாட்கள் போக, திருப்பத்தூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் இனச் சான்றுக்கு மனு அடித்துக்கொடுக்கிறவள். அந்தப் பலகை அவள் விரலில் ஏற்கெனவே இருக்கிறது. “இதுல மறக்கறதுக்கு என்னா இருக்கு?” என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னாள். “ப-ன்னா பள்ளம், கீழ போவும். ம-ன்னா மலை, மேல போவும்.”