வெள்ளைக் கூரைக்கு வந்த வினை

போன ஞாயிற்றுக்கிழமை காலை நான் எதிர் வீட்டு வாளியை எட்டி உதைத்தது உண்மைதான். எழுபது தாண்டியவன் செய்கிற காரியமா இது என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

எதிர் வீட்டில் ஒரு ட்ரையம்ப் ஹெரால்ட் கன்வெர்ட்டிபிள் நிற்கிறது. சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்ட் என்று ஓடியதே, அதற்குச் சீமையிலிருந்த அண்ணன். சிவப்பு உடம்பு, வெள்ளை வினைல் மடக்குக் கூரை. பழைய கார்கள் ஊர்வலத்துக்குப் போக வேண்டுமாம். வீட்டுக்காரரின் பேரன் வண்டி கழுவும் பையன் ஒருவனைக் கூட்டி வந்திருந்தான். வாளியில் ப்ளீச்சிங் பவுடர் கரைசல், கையில் தேங்காய் நார். அப்புறம் நான் என்ன செய்வது?

"வெள்ளைக்கு ப்ளீச் போடாமல் வேறு எதற்குப் போடுவது தாத்தா?" என்றான் பேரன். பாதி ஊர் இப்படித்தான் கேட்கிறது. வேட்டிக்குப் போடுங்கள், யார் தடுத்தது? வினைல் வேட்டி இல்லை. பி.வி.சி. தனியாக இருந்தால் தண்ணீர்க் குழாய் மாதிரி விறைப்பாக இருக்கும். எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலந்துதான் அதை மடங்குகிற தோல் போல ஆக்குகிறார்கள். பெட்ரோலும் தின்னரும் அந்த எண்ணெயை உறிஞ்சிவிடும். துடைத்த அன்று கூரை பளபளக்கும்; நாளடைவில் மடிப்பு மடிப்பாக வெடிக்கும். ப்ளீச் வேறு வழியில் கெடுக்கும். மேலே பூஞ்சைக் கறையை வெளுத்துக் காட்டிவிட்டு, அடியில் தையல் நூலைத் தின்னும். கம்பிச் சட்டத்திலிருந்து இறங்கிய துருக் கறையை அது தொடக்கூடத் தொடாது.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இதன் பெயர் 'ஓ து ஜவேல்', அதாவது ஜவேல் தண்ணீர். பாரீஸை ஒட்டி, சேன் நதிக்கரையில் இருந்த ஜவேல் கிராமத்தில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்த சரக்கு. பின்னாளில் சித்ரோயன் கார் தொழிற்சாலை வந்ததும் அதே ஜவேல் கரையில்தான். காரும் ப்ளீச்சும் ஒரே ஊர்க்காரர்கள் என்பதற்காக ஒன்றின் தலையில் மற்றதை ஊற்ற வேண்டுமா?

இவ்வளவு வீறாப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். 1983இல் என் தங்கை கல்யாணத்துக்கு இதே வண்டியைக் கொடுத்தார் அந்த வீட்டு அண்ணன், இந்தப் பேரனின் தாத்தா. மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நானே ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து, நாரால் தேய்த்தேன். கல்யாண போட்டோக்களில் கூரை கொக்கு மாதிரி வெள்ளை. ஐப்பசி மழையில் பின்பக்கத் தையல் சாண் நீளத்துக்கு விட்டுப்போய், சீட்டெல்லாம் தண்ணீர். அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தார்ப்பாய் வாங்கிக் கட்டினார். புதுக் கூரை போட அவருக்கு நாலு வருஷம் ஆயிற்று. அந்த நாலு வருஷமும் நான் ஆபீசுக்குப் போகும்போது எதிர் வரிசையைப் பார்க்காமல்தான் போனேன்.

ஆகவே அன்று நானே உட்கார்ந்து கழுவினேன். நிழலில் நிறுத்தி, முதலில் வெறும் தண்ணீர். மணலைப் போகவிடாமல் தேய்த்தால் அது உப்புத்தாள் வேலை செய்யும். காக்காய் எச்சத்தின் மேல் ஈரத்துணியைப் பத்து நிமிஷம் போட்டு ஊற விட்டோம். பிறகு சோப்புத் தண்ணீர், மெத்தென்ற பிரஷ். ஒரு முழம் தேய்த்தால் அது காயுமுன் அலசிவிட வேண்டும், இல்லாவிட்டால் கோடு கோடாக நிற்கும். பிடிவாதமான இடத்துக்குச் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசினேன். துருவுக்கு எலுமிச்சை, உடனே அலசல். பின்புற பிளாஸ்டிக் ஜன்னலில் பிரஷ் படவே கூடாது. கீறல் விழுந்தால் போகாது. இத்தனைக்கும் அரை நாள் ஆயிற்று. பையனுக்குப் பேசிய கூலியை நான் கொடுத்தேன்; வாளிக்கும் சேர்த்துத்தான்.

ஒரு இடத்தில் மட்டும் ரோஜா நிறத் திட்டு போகவில்லை. பேரனுக்கு அதுதான் உறுத்தல். வினைலின் அடியில் நுண்ணுயிர் வளர்ந்து, அதன் சாயம் அந்த எண்ணெயில் கரைந்து மேலே ஊறி வருகிற கறை அது. மேலே எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. தேய்க்கத் தேய்க்கக் கூரைதான் தேயும். ஈரத்தோடு மடக்கி வைத்ததன் பலன் என்று சொன்னேன். போன மழையில் அப்படித்தான் மடக்கினேன் என்று ஒப்புக்கொண்டான். வெள்ளைப் பெயிண்ட் அடித்து மறைக்கலாமா என்று கேட்டான். மடக்குகிற இடத்தில் பெயிண்ட் எத்தனை நாள் நிற்கும் என்று திருப்பிக் கேட்டேன்.

ஊர்வலத்துக்குத் திட்டோடுதான் போனான். சாயங்காலம் தூறல். ராத்திரி எட்டு மணிக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வண்டி கொட்டகைக்குள் நின்றது. கூரையை மடக்காமல், மேலே மின்விசிறியைப் போட்டு விட்டிருந்தான்.