மைதானம் யாருடைய பொறுப்பு? விகாஷ் தொராசூவும் ரிவர்ஸ்டன் மலையடிவாரமும்

பிரான்சின் தேசிய உதைபந்தாட்ட அணிக்காக 18 சர்வதேச ஆட்டங்களில் ஆடிய விகாஷ் தொராசூ, 1973 அக்டோபர் 10 அன்று, அந்நாட்டின் வடமேற்குத் துறைமுக நகரமான லெ ஆவ்ருக்கு அருகிலுள்ள ஆர்ஃப்ளூரில், மொரிசியஸிலிருந்து குடிபெயர்ந்த தெலுங்கு வழிவந்த குடும்பமொன்றில் பிறந்தார். 2006ஆம் ஆண்டு ஜெர்மனியில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் அவர் களமிறங்கியபோது, உலகக் கிண்ணத்தில் ஆடிய முதல் இந்திய வம்சாவளி வீரர் என்று இந்திய ஊடகங்கள் அவரைக் கொண்டாடின. வம்சாவளி குறித்த பெருமிதத்தில் தவறில்லை. ஆயினும் அந்தப் பெருமிதம், அவரை உருவாக்கியது எது என்ற கேள்வியை மறைத்துவிடுகிறது. தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் மாத்தளை மாவட்டத்தின் ரிவர்ஸ்டன் மலைக்குக் கீழே, இரத்தோட்டைப் பகுதியின் தேயிலைத் தோட்டங்களிலும் வாழ்கிறார்கள். அங்குள்ள பிள்ளைகளும் பந்தை உதைக்கிறார்கள். அவர்களுக்கும் தொராசூவுக்கும் இடையிலான தூரத்தைத் திறமையால் மட்டும் விளக்க முடியாது. அதன் பெரும்பகுதி உள்ளூராட்சியின் அதிகாரம் எங்கு செல்கிறது, எங்கு நின்றுவிடுகிறது என்பதில் அடங்கியிருக்கிறது.

இரண்டு குடிபெயர்வுகளும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. மொரிசியஸுக்கு 1834 முதல் ஒப்பந்தக் கூலி முறையில், அதாவது குறிப்பிட்ட ஆண்டுகள் குறிப்பிட்ட கூலிக்கு உழைப்பதாகக் கைந்நாட்டிட்டுக் கடல் கடக்கும் முறையில், ஏறக்குறைய ஐந்து இலட்சம் இந்தியர்கள் சென்றனர். அந்நாட்டின் தெலுங்குச் சமூகம் பெரும்பாலும் அவ்வாறு கரும்புத் தோட்டங்களை அடைந்தவர்களின் வழியில் வந்ததே. இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்களோ கங்காணி முறையில் வந்தார்கள். ஊரில் ஆள் சேர்த்து, வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்து, தோட்டத்தில் அவர்களையே மேற்பார்வை செய்தவர் கங்காணி. அந்த முன்பணம் கடனாகத் தொழிலாளியின் தலையில் ஏறியது. கடன் தொகை எழுதிய 'துண்டு' என்ற சீட்டுக்குரிய பணத்தை வேறொரு தோட்டம் கட்டினாலொழிய அவர் இடம்மாற இயலாதிருந்தது. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மன்னார்க் கரையில் இறங்கிக் காடு வழியே தம்புள்ளையைக் கடந்து கால்நடையாக வந்தவர்களுக்கு மலைநாட்டின் வாசலாக இருந்தது மாத்தளைதான். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டவர்களின் கணக்கை எவரும் முறையாக வைத்திருக்கவில்லை.

பிற்கால வரலாறு இவ்விரு சமூகங்களையும் வெவ்வேறு திசைகளில் கொண்டுசென்றது. 1968இல் சுதந்திரமடைந்த மொரிசியஸில் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் குடிமக்களாகவும் வாக்காளர்களாகவும் ஆட்சியாளர்களாகவும் ஆனார்கள். இலங்கையில் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இத்தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழியினரான மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பிரித்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய குடியுரிமைச் சிக்கல்கள் 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால்தான் தீர்ந்தன. ஒரு விளையாட்டு வீரரின் வளர்ச்சியைப் பேசுகையில் இவை தொலைவானவையாகத் தோன்றலாம். ஆனால் வாக்கில்லாதவரின் பிள்ளைக்கு மைதானம் அமைத்துக் கொடுக்கும் கட்டாயம் எந்த அரசியல்வாதிக்கும் இருந்ததில்லை.

பிரான்சில் தொராசூ பிறந்த ஆண்டிலேயே, 1973இல், தொழில்முறை உதைபந்தாட்டச் சாசனம் நடைமுறைக்கு வந்தது. கழகங்கள், வீரர்கள், பயிற்றுநர்கள் ஆகியோரின் உரிமை கடமைகளை வரையறுத்த கூட்டு உடன்படிக்கையான அது, தொழில்முறைக் கழகங்கள் இளம் வீரர்களுக்கான பயிற்சி நிலையங்களை நடத்துவதைக் கடமையாக்கியது. பயிற்சி நிலையம் என்பது பந்துடன் ஓடிப் பழகும் இடம் மட்டுமன்று. பதின்ம வயதுப் பிள்ளைக்குத் தங்குமிடம், பள்ளிக் கல்வி, மருத்துவக் கண்காணிப்பு, படிப்படியான ஒப்பந்தம் ஆகிய அனைத்தையும் ஒரே கூரையின் கீழ் அளிக்கும் நிறுவனம் அது. 1872ஐத் தன் தொடக்கமாகக் கொள்ளும் லெ ஆவ்ர் கழகம், பெருநகரக் கழகங்களைப்போல் விலைகொடுத்து வீரர்களை வாங்க முடியாத நிலையில், வளர்த்தெடுப்பதையே தன் பிழைப்பாக்கிக்கொண்டது. ஸ்டீவ் மந்தந்தா, லசானா தியாரா போன்றோர் பின்னாளில் அங்கிருந்தே புறப்பட்டார்கள். இதற்கும் கீழே, சிற்றூர்தோறும் நகரசபைக்குச் சொந்தமான மைதானமும், 1901ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்படி பதிவான உள்ளூர்க் கழகமும், வயதுவாரியான வாராந்தப் போட்டிகளும் இருந்தன. துறைமுக நகரத்துப் புலம்பெயர் குடும்பத்தின் பிள்ளை தொழில்முறைக் கழகத்தின் கண்ணில் பட்டது தற்செயலன்று. கண்ணில் படுவதற்கான படிக்கட்டு முன்பே கட்டப்பட்டிருந்தது.

அந்தப் படிக்கட்டில் ஏறியவரின் ஆட்டம் தனித்தன்மை கொண்டது. 1.68 மீற்றர் உயரமே கொண்ட நடுக்கள வீரரான தொராசூ, வேகத்தாலோ உடல் வலிமையாலோ எதிராளியைத் தாண்டியவரல்லர். நெருக்கடியான இடத்தில் பந்தைக் காலடியிலேயே வைத்துக்கொண்டு, ஆட்டத்தின் கதியைத் தணித்து, எதிரணி இடம்பெயர்ந்த கணத்தில் பந்தை விடுவிப்பது அவரது கலை. 1993 முதல் 1998 வரை லெ ஆவ்ரில் ஆடி, பின்னர் லியோன் கழகத்தில் சேர்ந்தார். 2001–02 பருவத்தில் கடன் முறையில், அதாவது ஒப்பந்தம் ஒரு கழகத்திடமே இருக்க மற்றொன்றுக்காக ஆடும் ஏற்பாட்டில், போர்தோவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவர் லீக் கிண்ணத்தை வென்ற அதே பருவத்தில்தான் லியோன் தன் வரலாற்றின் முதல் பிரெஞ்சு லீக் பட்டத்தை வென்றது. திரும்பி வந்து 2003, 2004 பட்டங்களில் பங்குகொண்டார். 2004இல் ஏசி மிலானுக்குச் சென்றவருக்கு அங்கே வாய்ப்பு அரிதாகவே கிடைத்தது. 2005ஆம் ஆண்டு இஸ்தான்புல்லில் நடந்த ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில், மூன்று கோல் முன்னிலையை மிலான் இழந்து தோற்ற இரவில், அவர் ஆடாத மாற்று வீரராக அமர்ந்திருந்தார்.

அதே ஆண்டு பாரிஸ் சென் ஜெர்மன் கழகத்துக்கு வந்த பின்னர்தான் அவரது தேசிய அணி வாழ்வு மலர்ந்தது. 1999இல் தொடங்கி நெடுங்காலம் தடைப்பட்டிருந்த அதைத் தேசிய அணிப் பயிற்றுநர் ரேமோன் தொமெனெக் மீட்டெடுத்தார். 2005 அக்டோபரில் சைப்பிரஸுக்கு எதிராகத் தம் ஒரே சர்வதேசக் கோலை அடித்தார் தொராசூ. 2006 ஏப்ரலில் மார்செய் அணிக்கு எதிரான பிரெஞ்சுக் கிண்ண இறுதியாட்டத்தில் பாரிஸின் இரண்டாவது கோல் அவருடையது; ஆட்டம் 2–1 என முடிந்தமையால் கிண்ணத்தைத் தீர்மானித்த கோலாகவும் அது அமைந்தது. சில வாரங்களில் வந்த உலகக் கிண்ணத்திலோ சுவிட்சர்லாந்துக்கும் தென் கொரியாவுக்கும் எதிரான ஆட்டங்களின் இறுதி நிமிடங்கள் மட்டுமே அவருக்கு வாய்த்தன. பெர்லின் இறுதியாட்டம் வரை பிரான்ஸ் முன்னேறிய அந்த வாரங்களில், நண்பர் ஃப்ரெட் பூலே கொடுத்திருந்த சூப்பர் 8 படக்கருவியால் விடுதி அறையையும் சன்னலையும் தம் காத்திருப்பையும் அவர் படம்பிடித்தார். 'மாற்று வீரர்' என்று பொருள்படும் தலைப்பில் 2007இல் வெளிவந்த அந்தப் படம், வெற்றி பெற்றவர்களின் நினைவேட்டில் இடம்பெறாத ஒன்றை, அணியில் இருந்தும் ஆடாதவரின் நாளை, அதன் சலிப்போடும் மனக்கசப்போடும் காட்டுவதால் விளையாட்டுத் திரைப்படங்களில் தனி மதிப்புக்குரியது.

தாம் பிறந்த ஆண்டில் வந்த தொழில்முறைச் சாசனத்தின் மறுபக்கத்தையும் அவரே அனுபவித்தார். பாரிஸ் கழகத்தின் பயிற்றுநர் கீ லாகோம்புடன் முரண்பட்டுப் பத்திரிகையில் வெளிப்படையாகப் பேசியதையும், இரண்டாம் நிலை அணியில் ஆட மறுத்ததையும் அடுத்து, 2006 அக்டோபரில் கழகம் அவரைப் பணிநீக்கம் செய்தது. 1973ஆம் ஆண்டுச் சாசனம் வந்த பின்னர் பிரெஞ்சுக் கழகமொன்றால் அவ்வாறு நீக்கப்பட்ட முதல் வீரர் அவரே. கோடிகளில் ஊதியம் பெறுபவருக்கு வேலைநீக்கம் ஒரு பொருட்டா என்று கேட்பது எளிது. ஆனால் தொழிலாளி ஒருவர் மேலாளரை விமர்சித்தால் எந்த எல்லைவரை பாதுகாப்பு உண்டு என்ற கேள்வி ஊதிய அளவால் மாறுவதன்று. தோட்டத் தொழிற்சங்க வரலாறு அறிந்த மலையக வாசகருக்கு அது விளக்கத் தேவையில்லாத கேள்வி. இத்தாலியின் லிவோர்னோவுடன் செய்துகொண்ட ஒப்பந்தமும் நிலைக்காமற்போக, தொராசூ ஆட்டத்தை விட்டு விலகினார். ஓரினச் சேர்க்கையாளர் மீதான வெறுப்பை எதிர்த்த பாரிஸ் கழகமொன்றுக்கு ஆதரவளித்தார். 2020இல் பாரிஸ் நகரசபைத் தேர்தலில் இடதுசாரிப் பட்டியலில் போட்டியிட்டார்.

ரிவர்ஸ்டனுக்குத் திரும்பினால், மைதானத்துக்கான முதல் தடை நிலத்தின் வடிவம். இரத்தோட்டையிலிருந்து கொண்டையூசி வளைவுகளாக ஏறும் பாதை, தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கும் சிகரத்தையொட்டிய கணவாயைக் கடந்து இலுக்கும்புர நோக்கி இறங்குகிறது. கண்ணுக்குச் சமதரைபோல் தோன்றும் பிட்டவல பத்தன புல்வெளியோ பாறைத்தட்டின் மேல் படிந்த மெல்லிய மண். நக்கிள்ஸ் மலைத்தொடருக்கே உரிய தவளையினத்துக்கு வாழிடமான அது காக்கப்பட வேண்டிய இடமே தவிர, விளையாடும் இடமன்று. எனவே மைதானத்துக்குரிய நிலத்தைக் கீழே தோட்டங்களுக்குள்ளேதான் தேட வேண்டும். 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும் கொண்ட முழு அளவு ஆடுகளம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஏக்கர். ஹெக்டேயருக்கு 12,500 செடிகள் என்ற வழக்கமான கணக்கில் அது ஏறக்குறைய 9,000 தேயிலைச் செடிகளின் இடம். சரிவில் அவ்வளவு நிலத்தைச் சமப்படுத்த மண்ணை வெட்டி நிரப்பவும் அணைச்சுவர் எழுப்பவும் வேண்டும். இதனால்தான் தோட்டத்துப் பிள்ளையின் ஆடுகளம், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களமாகவோ, கோயில் முற்றமாகவோ, லொறி திரும்பும் வளைவாகவோ இருக்கிறது. பந்து சரிவில் உருண்டால் ஆட்டம் நின்றுவிடுகிறது. அத்தகைய இடத்தில் குறுகிய பந்துப் பரிமாற்றம் பழகலாம். நீண்ட பந்தை ஓட்டத்தில் வாங்கப் பழக இயலாது.

இரண்டாவது தடை சட்டத்தினுடையது. முதல் தடையைவிட அது கடினமாக இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, கிராமங்களுக்குப் பாதையும் விளக்கும் மைதானமும் அமைக்கும் பிரதேச சபைகள் தம் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதைத் தடுக்கும் வகையில் அமைந்திருந்தது. தோட்டத் தொழிலாளர் வாக்களித்துத் தெரிவுசெய்த சபை, அவர்களது லயன் வாசலில் ஒரு விளக்கு மாட்டவும் தயங்க வேண்டியிருந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த நிலையை மாற்றியது. எனினும் நிலம் அரசுடையது, அதன் குத்தகையும் முகாமையும் 1992இலிருந்து பெருந்தோட்டக் கம்பனிகளிடம் என்ற ஏற்பாடு அப்படியே இருக்கிறது. ஒரு குடும்பத்தின் வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ் என்று கொள்கை வகுக்கப்பட்டுள்ளது. ஒரு தோட்டத்தின் மைதானத்துக்கு எத்தனை பேர்ச்சஸ் என்பதற்கு அத்தகைய கொள்கை எதுவும் இல்லை. சமூகச் செலவு கம்பனியின் இலாபத்தைக் குறைக்கும் என்ற வாதம் வழக்கமாக முன்வைக்கப்படுகிறது. விளைச்சல் குன்றி, மீள்நடுகை செய்யப்படாமல் கிடக்கும் தேயிலை நிலங்களை ஏன் இதற்கு ஒதுக்க முடியாது என்ற கேள்விக்கு அந்த வாதத்தில் விடையில்லை.

நிறுவனம் கிடைத்த இடத்தில் மலையகத்தவர் எவ்வளவு உயர முடியும் என்பதற்கு முத்தையா முரளிதரன் சான்று. இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்த அவரது 800 டெஸ்ட் விக்கெட்டுகளுக்கு அடித்தளம், கண்டி புனித அந்தோனியார் கல்லூரியின் மைதானமும் பயிற்றுநரும் பாடசாலைப் போட்டிகளும். உதைபந்தாட்டத்திலும் இதே பாடத்தைப் புலம்பெயர் நாடுகள் காட்டுகின்றன: வேல்ஸில் வளர்ந்த தமிழரான விமல் யோகநாதன் 2024 ஆகஸ்டில் பார்ன்ஸ்லி கழகத்துக்காக முதல் ஆட்டம் ஆடியது, பிரித்தானியக் கழகங்களின் இளையோர் பயிற்சி அமைப்பின் விளைவு. இலங்கைத் தேசிய அணியும் அண்மைக் காலத்தில் ஜெர்மனியில் பிறந்த வசீம் ராசிக் போன்றவர்களை அழைத்து வலுப்படுத்திக்கொள்கிறது. அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் வேறொரு நாட்டின் நகரசபை செலவிட்டு வளர்த்த வீரரைப் பெறுவது, மாத்தளை மாவட்டத்துப் பிள்ளைக்குச் செலவிடாதிருப்பதற்கான நியாயமாகிவிடக் கூடாது. இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனம் 2023 ஜனவரியில் பீபாவால் இடைநிறுத்தப்பட்டு அவ்வாண்டு ஆகஸ்டில் மீண்ட வரலாறும், சீர்திருத்தம் தோட்டங்களில் மட்டுமன்றிக் கொழும்பிலும் தேவை என்பதையே காட்டுகிறது.

ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு முழு அளவு மைதானம் என்பது இன்றைய நிலையில் நடவாத கோரிக்கை. இரத்தோட்டைப் பகுதியின் பல தோட்டங்களுக்குப் பொதுவாக, பேருந்துப் பாதையை ஒட்டிய ஒரு மைதானம் நடக்கக்கூடியது. அதற்கு 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் கீழ் பிரதேச சபையின் தீர்மானமும், குத்தகை நிலத்தை விடுவிக்கக் கம்பனியின் எழுத்துமூல இணக்கமும், மாத்தளை நகரின் பேர்னாட் அலுவிகார மைதானத்தில் நடக்கும் போட்டிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிச்செல்ல வாகனச் செலவும் வேண்டும். ஊதியம் பெறும் ஒரு பயிற்றுநரை முதலில் நியமிப்பதே நலம், ஏனெனில் பத்து வயதுப் பிள்ளைகளின் பயிற்சிக்கு அரை ஏக்கர் சமதரை போதும், அதை இப்போதுள்ள பிரட்டுக்களங்களிலேயே ஆரம்பிக்கலாம்.